முகம் மாறித் திரும்புகிறவர்களுக்கும் ஒரு வாசல் வையுங்கள்

இந்திய விமான நிலைய ஆணையம், சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம், டிஜி யாத்ரா அறக்கட்டளை ஆகியவற்றின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் 22 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். என்னிடம் வந்து தங்குகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா என்று தொலைவிலிருந்து வைத்தியத்துக்காக வருகிறவர்கள். வங்கதேசத்தவரும் உண்டு. அறைக்கு ஓர் அடுப்பும் நாலு பாத்திரமும் கொடுத்துவிடுவோம். மாலையானால் ஒவ்வொரு மாடியிலும் கடுகெண்ணெய் வாசனை எழும். சிலர் ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவார்கள், சிலர் ஆறு மாதம் இருப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், டாக்டர் சொன்னது, சொல்லாமல் விட்டது எல்லாம் என் மேசைக்கு வந்து சேரும்.

ஆளை அடையாளம் பார்ப்பது எனக்கும் அன்றாட வேலை. ஆதார் அட்டையைக் கையில் வாங்கி, படத்தையும் எதிரில் நிற்கிறவரையும் பார்க்காமல் யாருக்கும் சாவி கொடுத்ததில்லை. வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட், விசா விவரங்களை அதற்குரிய படிவத்தில் ஏற்றி 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். பொய்ப் பெயரில் அறை கேட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலரின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் தாம் சொல்கிற ஆள்தானா என்பதைப் பார்த்தே தீர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இப்போது எழுதத் தூண்டியது அப்துல்லாபுரம். ஊருக்கு வெளியே அங்கே 1934-இல் வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று பல காலம் முள்ளும் புல்லுமாகக் கிடந்தது. சிறு ஊர்களையும் விமானத்தால் இணைப்பதற்காக 2016-இல் அரசு அறிவித்த உடான் திட்டத்தில் எங்கள் ஊரும் சேர்ந்தது. ஓடுதளம் செப்பனிடப்பட்டது, முனையக் கட்டடம் எழுந்தது. 20 பேருக்கும் குறைவாக ஏறுகிற சிறு விமானங்களுக்கான நிலையம்தான். ஆனாலும் பயணிகள் சேவை என்றைக்குத் தொடங்கும் என்று ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. நாடெங்கும் முகத்தைக் கண்டு கதவைத் திறக்கும் வாசல்கள் வந்துகொண்டிருக்கும் நேரம் இது. எங்கள் நிலையத்துக்கும் ஒருநாள் அவை வரும். வருவதற்கு முன்னால், அந்த வாசலில் வந்து நிற்கப்போகிறவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்லிவிட நினைக்கிறேன். அவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

முகத்தையே அடையாளமாக வைத்து உள்ளே விடும் டிஜி யாத்ரா திட்டம் 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் தொடங்கியது. 2024 செப்டம்பரில் கோயம்புத்தூர், பாட்னா, ராஞ்சி, பாக்டோக்ரா, புவனேஸ்வர் உள்ளிட்ட இன்னும் 9 நிலையங்களுக்குப் போனது. கைபேசிச் செயலியில் ஆதாரைக் கொண்டு பதிவு செய்து, முகத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு, பயணச் சீட்டை இணைத்துவிட்டால் போதும். வாசலில் கேமரா முன்னால் நின்றதும் கதவு திறக்கும். நீண்ட வரிசையில் கால் மரத்துப்போய் நிற்கிற நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை என் விருந்தினர்களே சொல்லியிருக்கிறார்கள். சீட்டு ஒருவர் பெயரில், ஏறுகிறவர் வேறொருவர் என்கிற ஏமாற்றுக்கும் இது நல்ல தடுப்பு. இந்தத் திட்டம் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடச் சொன்னார். வங்கத்தின் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது, ஆதார் அட்டையின் விளிம்பையே அளவுகோலாக வைத்து, கையெழுத்துக்கு அடியில் நேராக ஒரு கோடு இழுத்தார். என் 20 ஆண்டுப் பதிவேடுகளில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். வார்டில் சேர்ந்தபோது அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியான வேளையில் ஓர் அம்மையார் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தார். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் இல்லை. உடம்பின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த தோல் கன்னத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தத் தோலின் நிறமே வேறு. மூக்கில் உணவுக் குழாய். தலைமுடி குறைந்து, உடல் பாதியாகியிருந்தது. நான் புது ஆள் என்று நினைத்துப் பதிவேட்டைத் திருப்பி வைத்தேன். அவர் எழுதினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து, அதன் விளிம்பை வைத்துக் கோடு இழுத்தார். அப்போதுதான் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும்போது நடந்ததை மகன் தொலைபேசியில் சொன்னார். வரும்போது மகன்தான் அப்பாவையும் செயலியில் பதிவு செய்திருந்தார். அப்போது எடுத்த படம் அறுவை சிகிச்சைக்கு முந்தைய முகம். திரும்பும் வழியில் வாசல் திறக்கவில்லை. நகர்ந்து நில்லுங்கள் என்றார்கள், முகத்தை நேராக வையுங்கள் என்றார்கள், முகத்தில் இருக்கிற கட்டுத்துணியை எடுங்கள் என்றார்கள். மூன்று தடவை சிவப்பு விளக்கு. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பேச முடியாத மனிதர். அம்மையாருக்கு வங்காளம் தவிர வேறு மொழி தெரியாது. மகன் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பணியில் இருந்தவர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் மாதிரி இருக்கிறதே என்று சத்தமாகவே சொன்னாராம். கடைசியில் ஒரு பெண் காவலர் வந்து மருத்துவமனைக் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார், அவர் கண்களைப் பார்த்தார், உள்ளே அனுப்பினார். விமானம் கிடைத்துவிட்டது. எந்த விமான நிலையம் என்று எழுத விரும்பவில்லை. எந்த வாசலிலும் இது நடக்கும். அதுதான் என் பயம்.

இயந்திரத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். கேமராவில் விழுகிற முகத்தின் அமைப்பை மென்பொருள் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றுகிறது. ஏற்கெனவே பதிந்த முகத்தின் எண்வரிசையோடு இது எவ்வளவு நெருங்குகிறது என்று மதிப்பெண் போடுகிறது. குறித்து வைத்த மதிப்பெண்ணைத் தொட்டால் கதவு திறக்கும். அந்த எல்லையைத் தாழ்த்தினால் வேறு ஆள் நுழைந்துவிடலாம். உயர்த்தினால் உரிய ஆளே வெளியே நிற்க நேரிடும். இரண்டு பிழையும் ஒருசேரப் பூஜ்யமாகிற இடம் எதுவும் கிடையாது. பாதுகாப்புக்காக எல்லையை உயர்த்தி வைப்பது நியாயம்தான். ஆனால் உயர்த்தும்போதே, உரியவர்களில் சிலர் வெளியே நிற்கப்போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறது. தெரிந்தே வெளியே நிறுத்தப்படுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் என் கேள்வி.

இயந்திரத்தின் பிழையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஒருவரை இன்னொருவராகத் தவறாகப் பொருத்துவது, வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளி முகங்களில் 10 மடங்கிலிருந்து 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. எந்த முகங்களைக் காட்டிக் கற்பித்தார்களோ அந்த முகங்களைத்தான் மென்பொருள் நன்றாக அறியும். தாடை எடுக்கப்பட்டவர்கள், கீமோவில் புருவமும் இமைமுடியும் உதிர்ந்தவர்கள், ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பியவர்கள், முகவாதத்தால் ஒரு பக்கம் தொங்கிப்போனவர்கள் என்று எத்தனை பேரை அதற்குக் காட்டியிருக்கிறீர்கள்? எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு வந்து நின்றால் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரையும் பார்த்துவிடலாம்.

விரல் ரேகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஜி யாத்ராவில் முகம் மட்டும்தான். ஆனால் வெளிநாட்டவர் வந்தால் அவர்களிடம் குடிவரவு மேசையில் விரல் ரேகை எடுக்கிறார்கள். அடிக்கடி வெளிநாடு போய்வருகிறவர்களுக்காக 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்த விரைவு குடிவரவுத் திட்டத்திலும் ரேகையும் முகமும் பதிய வேண்டும். விரலைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றினார். பழைய வடாற்காட்டில் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். இலையைச் சுருட்டி, தூளை அடைத்து, நுனியை மடித்துத் தள்ளி, நூல் சுற்றுவது எல்லாம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கிற வேலை. அம்மாவின் வலது கட்டைவிரலைத் தடவிப் பார்த்தால் சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகாதவர். கைநாட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அறிவொளி இயக்கத்து வகுப்பில் உட்கார்ந்து, தொண்ணூறுகளில் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அந்தப் பெயரை எழுதிக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறந்ததில்லை. 2020-இல் ரேஷன் கடைகளில் விரல் வைக்கும் முறை வந்தது. எழுதத் தெரிந்த அம்மா மறுபடியும் கட்டைவிரலை நீட்டினார். இயந்திரம் ஏற்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்து வைத்தார், தேங்காயெண்ணெய் தடவி வைத்தார், இடது கை விரல்களையும் வைத்தார். அரிசி வாங்காமல் பையை மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் நான்தான்னு அதுக்கு ஏன்டா தெரியல?"

பின்னாளில் கடைக்குக் கருவிழி பார்க்கும் கருவி வந்தது. அம்மாவுக்கு இப்போது சிரமம் இல்லை. மாற்று வழி ஒன்றைக் கையருகில் வைத்தால் அதே இயந்திரம் அதே ஆளை மதிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அம்மாவைப் போல ஆயிரக்கணக்கானோர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை நனைத்தவர்கள். குடியாத்தத்துத் தீப்பெட்டிப் பெண்கள். கட்டட வேலைக்கு வளைகுடா போய்வருகிற, சிமென்டில் விரல் தேய்ந்த எங்கள் பையன்கள். உழைப்பு தேய்த்த ரேகை இது.

மருந்தும் ரேகையை அழிக்கும். கேப்சிடபின் என்கிற புற்றுநோய் மாத்திரை உள்ளங்கை, உள்ளங்கால் தோலை உரித்துவிடும். அதைச் சாப்பிட்டுவந்த சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் 2008 டிசம்பரில் அமெரிக்காவுக்கு உறவினரைப் பார்க்கப் போனார். குடிவரவு மேசையில் விரலில் ரேகையே இல்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அவருடைய மருத்துவர் அடுத்த ஆண்டு அதை மருத்துவ இதழில் எழுதினார்; இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளிநாடு போகும்போது மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தினார். என் விடுதியில் அதே மாத்திரையை இட்லியோடு விழுங்குகிறவர்கள் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

அடுத்தது கரிகிரி. காட்பாடிப் பக்கம் அந்தத் தொழுநோய் மையம் 1955-இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்கிற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிப் பொருத்தி நிமிர்த்திக் காட்டினார். விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி போன கையில் காயமும் சூடும் பட்டுப் பட்டுத் தேய்கின்றன என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர் அவர். அன்றைக்கு வெளியுலகம் தீண்ட மறுத்த கையை எங்கள் ஊரில் பிடித்துக் குணப்படுத்தினார்கள். அந்த நோயிலிருந்து மீண்டவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். சிலருக்கு விரல் இல்லை, சிலருக்கு அந்த நோய் கண்ணையும் தாக்கியிருக்கிறது. ரேகையும் கிடைக்காது, கருவிழியும் சரியாக விழாது. இவர்களில் ஒருவர் விமானம் ஏற வந்தால், உங்கள் வாசலில் எந்த உறுப்பை நீட்டுவார்?

இது சலுகை கேட்கிற பேச்சு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோர் தொடுத்த வழக்கு அது. வங்கிக் கணக்குத் தொடங்கக் கைபேசி முன்னால் கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்கிறார்கள், இமையே இல்லாதவள் எப்படிச் சிமிட்டுவேன் என்பதுதான் அந்த வழக்கின் அடிப்படை. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, சரிபார்க்கும் முறைகளை அவர்களுக்கும் ஏற்றபடி மாற்ற 20 உத்தரவுகளை நீதிமன்றம் போட்டது. 2023-இல் கேரளத்தில் கைவிரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்டு, விஷயம் மத்திய அமைச்சர் வரை போன பிறகு, அதிகாரிகள் அவர் வீட்டுக்கே சென்று பதிந்து கொடுத்தார்கள். விதியில் வழி முன்பே இருந்தது. மேசையில் இருந்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது துணிவில்லை. அதைத்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டும் என்கிறேன்.

பாதுகாப்பையும் இதையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது தவறு. ஒருவர் யார் என்று தெரிந்துகொள்வது வேறு, அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வது வேறு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தியவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் பெயரிலேயே சீட்டு வாங்கி ஏறியவர்கள். அவர்கள் முகமும் பெயரும் பொருந்தியிருக்கும், கதவு திறந்திருக்கும். 2019 செப்டம்பரில் டெல்லி விமான நிலையத்தில் 32 வயது இளைஞர் ஒருவர் தாடியையும் தலைமுடியையும் வெள்ளையாக்கி, தலைப்பாகை கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, 81 வயதுக் கிழவராக நியூயார்க் போக வந்தார். தோலில் சுருக்கம் இல்லையே என்று சந்தேகப்பட்டு அவரைப் பிடித்தது மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலரின் கண். அந்தக் கண்ணுக்கு நிகராக ஒன்றை நீங்கள் இன்னும் வாங்கவில்லை. இயந்திரம் வழக்கமான கூட்டத்தை விரைவாக அனுப்பட்டும். அதனால் மிச்சமாகிற நேரத்தில் அந்தக் கண் சந்தேகத்துக்கு உரியவரை நிதானமாகப் பார்க்கட்டும், என் ஆசிரியரைப் போன்றவரையும் நிதானமாகப் பார்க்கட்டும். அப்படிச் செய்தால்தான் வாசல் உண்மையில் பலப்படும்.

பயோமெட்ரிக் முறையைக் கறாராக முதலில் பூட்ட வேண்டிய இடம் ஊழியர் வாசல் என்பதும் என் எண்ணம். ஓடுதளம் வரை, விமானத்தின் வயிறு வரை போகக்கூடியவர்கள் துப்புரவு, சரக்கு, உணவு, எரிபொருள் வேலை செய்கிறவர்கள். வேலியே பயிரை மேயக் கூடாதல்லவா? அவர்கள் எண்ணிக்கை தெரிந்தது, தினமும் வருகிறவர்கள், முகமோ விரலோ மாறினால் மறுபடி பதிவது சுலபம். அவர்களுடைய நுழைவு அட்டையில் பயோமெட்ரிக்கைச் சேர்க்கும் வேலையைப் பணியகம் கையில் எடுத்திருப்பதை மனமார வரவேற்கிறேன்.

தக்கோலத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. விமான நிலையங்களில் நிற்கிற மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் ஒன்று அரக்கோணத்துக்குப் பக்கத்தில், எங்கள் பழைய வடாற்காட்டு மண்ணில்தான் இருக்கிறது. 949-இல் தக்கோலப் போர்க்களத்தில் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட ராஜாதித்த சோழன் பெயரை 2025-இல் அந்த மையத்துக்குச் சூட்டினார்கள். அங்கே பயிற்சி பெறுகிற இளைஞர்களை ஒருநாள் பஸ்ஸில் ஏற்றி வேலூருக்கு அனுப்புங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். புற்றுநோய் வார்டில் இருந்து வெளியே வருகிறவர்களையும் அவர்கள் கையில் இருக்கிற அட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். கரிகிரியில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கச் சொல்லுங்கள். அந்தப் பயிற்சி கிடைத்த ஒரு காவலர், இது வேறு ஆள் மாதிரி இருக்கிறதே என்று வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல மாட்டார்.

முகம் என்பது மனிதனின் மானத்தோடு ஒட்டியது. எங்கள் கோட்டைக்கு அது தெரியும். நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது, மீசையை ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும், புதுத் தொப்பி போட வேண்டும் என்று 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தில் ஆணை போட்டார்கள். சிப்பாய்களின் மனம் என்ன பாடுபடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை ரத்தமானது. அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் முகத்தைத் தொடுகிற எந்த ஏற்பாட்டையும் முகத்துக்கு உரியவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அகத்தின் நோயும் தெரியும். என் விருந்தினரின் முகப்படம் ஒன்று வெளியே போனால் அவர் யார் என்பதோடு அவருக்கு என்ன நோய் என்பதும் சேர்ந்து போய்விடும். காப்பீட்டுக்காரருக்கும் வேலை கொடுக்கிறவருக்கும் அது போதும். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. தகவல் பயணியின் கைபேசியிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் பகிர்ந்தது புறப்பட்ட 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அழிந்ததை யார் போய்ப் பார்த்தார்கள்? டிஜி யாத்ரா அறக்கட்டளையில் விமான நிலைய ஆணையத்தின் பங்கு 26 விழுக்காடு. மீதி பெங்களூரு, டெல்லி, ஐதராபாத், மும்பை, கொச்சி நிலையங்களை நடத்தும் நிறுவனங்களுடையது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாட்டில், 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இயற்றிய நாட்டில், இந்த அறக்கட்டளையிடம் ஒரு சாதாரணப் பயணி தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுப் பதில் வாங்க முடிய வேண்டும். வெளியார் தணிக்கை செய்த அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் எதுவும் இல்லை. முக வாசல் வைக்கிற ஒவ்வோர் இடத்திலும் அதற்குப் பக்கத்திலேயே, வேறு மூலையில் தள்ளிவிடாமல், ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கிற மேசை எப்போதும் திறந்திருக்க வேண்டும். இயந்திரம் மறுத்தவரை உள்ளே விட அந்த மேசைக்காரருக்கு முழு அதிகாரம் வேண்டும். மேலதிகாரி வரும்வரை நோயாளி நின்றுகொண்டிருக்கக் கூடாது. சிவப்பு விளக்கும் அலறலும் வேண்டாம். எப்படியும் இரண்டாவது தடவை மறுத்ததுமே ஆள் எழுந்து வரட்டும். அறுவை சிகிச்சையால் முகம் மாறியவர் பயணத்துக்கு முன்பே மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டிப் புது முகத்தைப் பதிந்துகொள்ள வேலூரிலேயே ஓர் இடம் அமையுங்கள். செயலிக்கு வராமல் இருப்பது பயணியின் விருப்பம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படி வராதவருக்கான வரிசை நீளமாகிக்கொண்டே போனால் அந்த விருப்பத்துக்குப் பொருள் இருக்காது. அறிவிப்புகள் தமிழில் இருக்கட்டும், எங்கள் நிலையத்தில் வங்காளத்திலும் இந்தியிலும்கூட இருக்கட்டும். காந்தி ரோட்டுக் கடைப் பலகைகளில் வங்காளம் ஏறிப் பல வருடமாகிவிட்டது.

கேமராவின் உயரத்தையும் பாருங்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் இது. அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் பாகாயத்தில் 1966 முதல் நடக்கிறது. அங்கிருந்து நாற்காலியில் வருகிறவர், நிற்கிறவர்களுக்காகப் பொருத்திய கேமராவைக் கழுத்தை நீட்டிப் பார்க்க நேரக் கூடாது.

இவை எல்லாவற்றையும் முதலில் செய்து பார்க்க எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சிறு விமானங்கள் வரப்போகிற நிலையம், ஆனால் அங்கே வருகிற முகங்களில் நாட்டின் எந்த நிலையத்திலும் இல்லாத வேறுபாடு. உங்கள் மென்பொருள் இங்கே தேறினால் எங்கேயும் தேறும். ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குக் கதவு திறக்கவில்லை, அவர்களை எத்தனை நிமிடத்தில் உள்ளே அனுப்பினோம் என்ற இரண்டு எண்களை வாசலிலேயே எழுதி வையுங்கள். சோதிக்க வருகிற பொறியாளர்களுக்கு என் விடுதியில் அறை தருகிறேன், வாடகை வேண்டாம். விருந்தினர்களின் சம்மதத்தைக் கேட்டு வாங்கித் தருவதும் என் பொறுப்பு. காலையில் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும்.

அந்த ஆசிரியர் அடுத்த மாதம் மறு பரிசோதனைக்கு வருகிறார். தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று மகன் நேற்று அழைத்துச் சொன்னார். எத்தனை மணிக்கு விமானம், யாரை அனுப்பட்டும் என்று கேட்டேன். ரயிலில்தான் வருகிறோம் என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிய பயணம், அதுவும் குழாய் வழியாக உணவு ஏற்றிக்கொண்டு. டாக்டர் விமானத்தில் வரச் சொல்லியிருந்தாராம். அப்பா காகிதத்தை வாங்கி, விமானம் வேண்டாம் என்று எழுதி, அதன் அடியில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார் என்றார். காட்பாடி நிலையத்துக்கு நானே போய் அழைத்துவரப் போகிறேன்.

இப்படிக்கு,
வேலூரில் விடுதி நடத்தும் ஒருவன்